ஜூடி சில்லின் கடைசிப் பாட்டும் தட்டின் உள்வட்டமும்

அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான ஜூடி சில்லைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் கொள்ளை, சீர்திருத்தப் பள்ளி, ஹெராயின், சிறை எல்லாம் முதல் பத்தியிலேயே வரிசைகட்டி வந்துவிடுகின்றன. 1944 அக்டோபர் 7-ல் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டியில் பிறந்தார், 1979 நவம்பர் 23-ல் போதை மருந்து அளவு மீறி 35 வயதில் இறந்தார், நடுவில் இரண்டு ஆல்பம் போட்டார் என்று கதை முடிந்துவிடும். நடந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஆல்பங்களையும் வாழ்க்கைக் கதைக்கு ஆதாரமாக மட்டும் வைத்துக் கேட்கும் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1973-ல் வந்த ‘ஹார்ட் ஃபுட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘தி டோனர்’ விஷயத்தில் இந்தப் பழக்கம் பெரிய அநியாயமாகவே ஆகிவிடுகிறது. பழைய எல்பியில், அதாவது வினைல் இசைத்தட்டில், கேட்டவர்கள் சிலர் சொல்வார்கள்: ஆசை பெரிது, கைக்கு அடங்கவில்லை, குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முடிவில் கலங்கிப் போகிறது என்று. கூடவே, அவர் அப்போது இருந்த நிலைமை அப்படி என்று ஒரு காரணமும் சொல்லிவிடுவார்கள்.

கலங்கலுக்குக் காரணம் பாட்டு இல்லை. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் பாட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசியில், காகித லேபிளை ஒட்டிய சுற்றுகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு எல்பியில் ஒலிக்கு மிக மோசமான இடம் அதுதான். அந்த இடத்தில் போய்ச் சேர்ந்திருப்பதோ, அவர் எழுதியதிலேயே அதிகக் குரல்கள் அடுக்கப்பட்ட பாட்டு. சுமாராகப் பொருத்திய கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் பெட்டி), தேய்ந்த ஊசியில், இது கலங்காமல் கேட்க வழியே கிடையாது. இந்தப் பாட்டு சரியாகக் கேட்க என்னென்ன வேண்டும், எங்கே என்ன தப்பாகிறது, ஏன் ஆகிறது என்று ஒரு முறை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் என்ன எழுதினார்

வாழ்க்கைக் கதையில் இசைக்கு வேண்டிய பகுதி ஒன்றுதான்: சீர்திருத்தப் பள்ளியில் இருந்தபோது அங்கே வழிபாட்டுக்கு ஆர்கன் வாசித்தார். சர்ச் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது, நான்கு குரல்கள் எப்படி ஒன்றையொன்று மிதிக்காமல் நகர்கின்றன என்பதெல்லாம் கைவிரல் வழியாக உள்ளே போனது அங்கேதான். தனக்கு ஆதர்சம் யார் என்று கேட்டால் பாக், ரே சார்லஸ், பிதாகரஸ் என்று மூன்று பேரைச் சொல்வார். இதை விசித்திரப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அப்படியே நம்பலாம். டேவிட் கெஃபனின் அசைலம் ரெக்கார்ட்ஸ் 1971-ல் முதன்முதலாக வெளியிட்ட ஆல்பம் இவருடையது. தட்டின் பட்டியல் எண் எஸ்டி 5050. அதில் ‘ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்’ பாட்டை மட்டும் கிரஹாம் நாஷ் தயாரித்தார். தி ஹாலீஸ், காஸ் எலியட் என்று மற்றவர்களும் பாடியதால் அவர் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்தது அந்தப் பாட்டால்தான். ஆனால் முதல் ஆல்பத்திலேயே ‘தி ஆர்க்கிடைப்பல் மேன்’ நடுவில் சொல்லில்லாமல் குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஓர் இடம் வருகிறது. கிட்டார் வைத்துக்கொண்டு பாடும் மற்ற கலிஃபோர்னியாக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் ஆல்பத்துக்கு வாத்தியக் குழு எழுதியது மற்றவர்கள். இரண்டாவதான ‘ஹார்ட் ஃபுட்’டில் (எஸ்டி 5063) அந்த வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். ஹென்றி லூயி தயாரித்தார். வயலின், பித்தளை, குரல் அடுக்கு எல்லாம் ஜூடி சில்லின் கை. ஆல்பம் விற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது இன்னொரு ஆல்பம் வெளிவரவில்லை. 1974-ல் மூன்றாவதற்காகப் பதிவு செய்தவை ‘ட்ரீம்ஸ் கம் ட்ரூ’ என்று ஜிம் ஓ’ரூர்க் மிக்ஸ் செய்து 2005-ல்தான் வந்தது.

‘தி டோனர்’ பாட்டில் அடுக்கடுக்காக வருவது அவருடைய குரலேதான், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தது. திரும்பத் திரும்ப வருவது ‘கிரியே எலெய்சோன்’, பூசையில் ஆண்டவரே இரக்கமாயிரும் என்று நாம் சொல்லும் அதே வேண்டுதல். அவர் குரலில் நடுக்கம் கிடையாது. சுருதியை நேராகப் பிடித்து நிறுத்துவார். அப்படி நேராக நிற்கும் குரல்களை அடுக்கும்போது, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி மிகத் துல்லியமாகக் காதில் விழும். அழகு முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

ஏன் ஆபத்து என்றால், ஒலிக்கருவி எதுவும் கொஞ்சம் திரிக்கத்தான் செய்யும். தனிக்குரல் திரிந்தால் அதன் இரட்டிப்பு, மும்மடங்கு சுரங்கள் சேரும். அவை அந்தக் குரலோடு இணங்கிப்போகும், காதுக்குக் கொஞ்சம் கனம் கூடினாற்போலத்தான் இருக்கும். இரண்டு குரல்கள் சேர்ந்து திரிந்தால் கதை வேறு. 400 ஹெர்ட்ஸும் 500 ஹெர்ட்ஸும் ஒரே நேரத்தில் ஓடினால் 100, 300, 600, 900 என்று, யாரும் பாடாத ஒலிகள் பிறக்கும். இரண்டு குரலுக்கே இப்படி என்றால், எட்டுப் பத்துக் குரல் அடுக்கில் எந்தக் குரல் எங்கே போகிறது என்று தெரியாத ஒரு சேறுதான் மிஞ்சும். ஒற்றைக் கிட்டாரும் குரலுமாக இருக்கும் பாட்டு தாக்குப்பிடிக்கும் அதே தட்டில், இந்தப் பாட்டு ஏன் தாக்குப்பிடிப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

உள்வட்டத்தில் நடப்பது

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கதியில் ஓடுகிறது. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றாக இல்லை. 12 அங்குல எல்பியில் வெளிச்சுற்று மையத்திலிருந்து சுமார் 146 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும். இசை போகக்கூடிய உள் எல்லை சுமார் 60 மில்லிமீட்டர். அங்கே நொடிக்கு 21 சென்டிமீட்டர். பாதிக்கும் குறைவு. 7,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 73 மைக்ரான் நீளத்தில் தாராளமாக எழுதப்பட்டிருக்கும். உள்ளே அதே அலை 30 மைக்ரானில் நெருக்கி அடிக்கப்பட்டிருக்கும். ‘எலெய்சோன்’ நடுவில் வரும் அந்த ‘ஸ’ ஒலியின் பலம் இருப்பது ஏறக்குறைய இந்த அதிர்வெண்களில்தான். போதாக்குறைக்கு, தட்டு வெட்டும்போது ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது விதிப்படி மேல்சுரங்களை வேண்டுமென்றே ஏற்றி வெட்டுகிறார்கள். 10,000 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 14 டெசிபல். கேட்கும்போது ப்ரீஆம்ப் (ஊசி தரும் ஒலியை முதலில் பெருக்கும் கருவி) அதை இறக்கிச் சமன் செய்துவிடும், ஆனால் பள்ளத்தில் அந்த ‘ஸ’ நிஜமாகவே முரட்டு வளைவாகத்தான் இருக்கிறது.

சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரம் 15 முதல் 18 மைக்ரான். 30 மைக்ரான் அலையின் இடுக்கில் அது இறங்காது. மேலோடு தொட்டுத் தாண்டும். பக்கவாட்டில் வளையும் பள்ளம் சரிவுகளில் குறுகுவதால் ஊசி ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முறை மேலே பிதுக்கப்படும். அந்தப் பிதுக்கல் இரட்டிப்பு அதிர்வெண்ணாக ஒலியில் சேரும். நீள்வட்ட ஊசியின் ஓர ஆரம் சுமார் 8 மைக்ரான், அது பரவாயில்லை. மைக்ரோலைன் என்ற மெல்லிய விளிம்புள்ள வகையில் 3 மைக்ரான் அளவுக்கு இறங்குகிறது; தட்டை வெட்டிய ஊசியின் விளிம்பு போன இடத்துக்கு ஏறக்குறையப் போகிறது என்று சொல்லலாம். ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசை வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் உடலைக் கழற்றாமலே பச்சை நிற ‘இ’ (நீள்வட்ட) ஊசியை உருவிவிட்டுச் சிவப்பு ‘எம்எல்’ (மைக்ரோலைன்) ஊசியைச் செருகலாம். நிறுவனம் சொல்லும் ஆயுள் நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1,000. விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் மணிக் கணக்கையும் பார்க்க வேண்டும். எல்லாச் செலவுக்கும் முன்னால் இந்த ஒரு செலவைச் செய்யலாம் என்பது என் கருத்து. ஆம்ப், ஸ்பீக்கர் எதை மாற்றினாலும் ஊசி எடுக்காததை அவை கொடுக்கப்போவதில்லை.

இன்னொரு தொல்லை, துளை மையம் தவறிய தட்டு. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் வெளிச்சுற்றில் சுருதி ஏறி இறங்குவது 0.3 சதவீதம், பெரும்பாலும் தெரியாது. உள்சுற்றில் அதே அரை மில்லிமீட்டர் 0.8 சதவீதத்தைத் தாண்டும். மேலும் கீழுமாக 14 சென்ட், அதாவது ஒரு அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒவ்வொரு 1.8 நொடிக்கும் ஒரு தடவை. நடுக்கமே இல்லாத குரல்கள் நீட்டி நிற்கும் இடத்தில் இது வயிற்றைக் கலக்கும். கண்டுபிடிக்க, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் தலையை முன்னாலிருந்து பாருங்கள். இடம் வலமாக ஊசலாடினால் துளைதான் குற்றவாளி. சிலர் துளையைச் சுருட்டிய உப்புத்தாளால் லேசாகப் பெரிதாக்கி, தட்டைத் தள்ளித் தள்ளி மையப்படுத்தி ஓட்டுவார்கள். செய்யலாம், ஆனால் விலை அதிகமான பிரதியில் கை வைக்காதீர்கள், திரும்ப விற்க முடியாது.

பொருத்துவது

முதலில் ஊசியில் அழுக்கு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். பின்னாலிருந்து முன்னால் மட்டும் தூரிகையை இழுக்க வேண்டும், பக்கவாட்டில் தேய்த்தால் ஊசி ஒட்டியிருக்கும் மெல்லிய தண்டான கான்டிலீவர் கோணிவிடும். அடுத்தது ஊசி தட்டை அழுத்தும் எடை. விஎம்95-க்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0. தட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து 1.8-க்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. அது தலைகீழான பயம். எடை போதாத ஊசி உரத்த இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளி மீண்டும் விழும், சுவரைக் கொத்துவது அந்த விழுகைதான். நான் சொல்வது 2.0, அல்லது 2.1. டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எண்களை நம்பாமல், நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் ஊசி பள்ளத்தில் நிற்கும் கோணம். தட்டை வெட்டிய ஊசி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் ஆர்ம் ஒரு வில்லாக நகர்கிறது. ஆகவே இரண்டே இரண்டு இடங்களில்தான் கோணம் கச்சிதமாக இருக்கும், மற்ற இடங்களில் சிறு பிழை இருந்தே தீரும். அந்தப் பிழையால் வரும் திரிபு ஆரம் குறையக் குறையக் கூடும், எனவே ஒரே பிழை வெளியே சும்மா இருந்து உள்ளே கத்தும். பேர்வால்ட் என்ற பொருத்தும் முறையில் அந்த இரண்டு இடங்கள் மையத்திலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர். ஸ்டீவன்சன் முறையில் 60.3, 117.4. பொதுவாக எல்லாரும் பேர்வால்டைச் சிபாரிசு செய்வார்கள், பக்கம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் கடைசிச் சுற்றுகளில் பெரிய உச்சம் வரும் தட்டுகளுக்கு ஸ்டீவன்சன் கொடுக்கும் விலை நியாயமானது; நடுப்பகுதியில் கொஞ்சம் பிழை கூடும், கடைசியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். செவ்வியல் சிம்ஃபொனிகளை மனதில் வைத்து, உச்சம் கடைசியில்தான் வரும் என்ற கணக்கில்தான் அந்த முறைக்கு ஆதரவு சொல்வார்கள். ‘ஹார்ட் ஃபுட்’ அந்தச் சாதித் தட்டு.

எந்த முறை என்று முடிவு செய்யும் முன் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். மைய அச்சின் நடுவிலிருந்து இசையின் கடைசிப் பள்ளம் வரை எத்தனை மில்லிமீட்டர்? ஒவ்வொரு வெட்டுக்கும் இது மாறும். 60-62 என்று வந்தால் ஸ்டீவன்சன் பக்கம் போகலாம். 66-ஐத் தாண்டினால் பேர்வால்டே போதும், வீணாக மாற்ற வேண்டாம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வைத்திருப்பவர்கள் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் திருகும் தலைப்பகுதி) வளையத்திலிருந்து ஊசி முனைக்கு 52 மில்லிமீட்டர் என்ற நிறுவன அளவையே வைத்தாலும் உள்வட்டத்துக்குச் சாதகமாகத்தான் இருக்கும், அது ஸ்டீவன்சனுக்கு நெருக்கமானது.

இந்த இரண்டு இடங்களையும் குறித்துக் காட்டும் அளவுத்தாளான புரொட்ராக்டரை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்தால் பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று தானாகச் சுருக்கிவிடும். அச்சடித்த தாளில் இருக்கும் 100 மில்லிமீட்டர் கோடு நிஜமாகவே 100-தானா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். இரண்டு சதவீதம் சுருங்கினாலும் உழைப்பு முழுக்க வீண். பிறகு இரண்டு திருகையும் கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ஊசியை முதல் புள்ளியில் இறக்கி, கான்டிலீவர் கட்டக் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜின் உடலை வைத்துப் பார்க்கக் கூடாது, உள்ளே கான்டிலீவர் ஒரு டிகிரி கோணலாக ஒட்டப்பட்டு வருவது சகஜம். முதல் புள்ளியில் சரி, இரண்டாவதில் கோணல் என்றால் முன்னால் தள்ள வேண்டுமா பின்னால் இழுக்க வேண்டுமா என்று அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத் தேட வேண்டும். இரண்டிலும் இணையானால் திருகை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் ஒரேயடியாக முறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும். கார்ட்ரிட்ஜ் முன்னால் போனால் எடை கூடியிருக்கும், ஆகவே தராசு மறுபடி. இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை எதிர்த்து இழுக்கும் அமைப்பான ஆன்டி-ஸ்கேட்டிங்குக்கு முதலில் எடைக்குச் சமமான எண்ணை வையுங்கள். பிறகு ‘தி டோனர்’ பாட்டின் உரத்த இடத்தைக் கேளுங்கள். ஆர்ம் இயல்பாகவே உள்பக்கம் இழுக்கப்படுவதால் ஊசி உள்சுவரில் சாய்ந்து, வெளிச்சுவரைச் சரியாகப் பிடிக்காமல் விடும். உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது. எனவே வலதில் மட்டும் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட்டிங் போதவில்லை, இடதில் மட்டும் என்றால் அதிகம். இரண்டிலும் ஒரே அளவு கரகரப்பு என்றால் இதைத் திருப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, கோணத்துக்கோ ஊசிக்கோ திரும்பிப் போக வேண்டும். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அது ஒரு நல்ல சோதனை: அழுத்தியதும் நடுவில் ஒலிக்கும் குரலின் கரகரப்பு கணிசமாகக் குறைந்தால், ஊசி பள்ளத்தில் பிதுங்குவதுதான் வில்லன், அதாவது முனையின் வடிவம். மோனோவிலும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் தட்டே தேய்ந்திருக்கிறது.

எந்தப் பிரதி

அசைலத்தின் முதல் அச்சு வேண்டும் என்று தேடுபவர்கள் அதன் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1970-களின் வீட்டு ரிக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ், 4, 5 கிராம் எடை. ஒரு தடவை சேதமான உள்சுவர் என்ன கழுவினாலும் திரும்பாது. கடையில் கேட்டுப் பார்க்க விட்டால் முதல் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடுங்கள், மற்றதெல்லாம் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். கேட்க விடாவிட்டால் தட்டைச் சாய்த்து ஒரே ஒரு விளக்கின் வெளிச்சத்தில் லேபிளை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டரைப் பாருங்கள். மற்ற இடம் கறுப்பாக மின்ன, அங்கே மட்டும் சாம்பல் பூத்திருந்தால் வைத்துவிடுங்கள். மேலோட்டமான மெல்லிய கீறல்களை விட இந்தச் சாம்பல் மோசம். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். அட்லாண்டிக் குழும அச்சுகளில் எண்ணின் கடைசியில் வரும் எம்ஓ லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை, பிஆர் நியூ ஜெர்சியின் பிரஸ்வெல். எது உயர்ந்தது என்று சண்டை போடுபவர்கள் உண்டு. தேயாத பிஆர், தேய்ந்த எம்ஓவை விட நல்லது என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கியதும் கழுவ வேண்டும். 800 மில்லி டிஸ்டில்டு வாட்டருக்கு 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் மூன்று நான்கு சொட்டு. சோப்பு நீர் கூடாது, காய்ந்ததும் படலமாக நிற்கும். மென்மையான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையில் சுற்றித் தேய்த்து, கலவை காய்வதற்குள் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு தடவை அலச வேண்டும். அலசாமல் விட்டால் கரைந்த அழுக்கு பள்ளத்தின் அடியில் மறுபடி உட்கார்ந்துவிடும், அடுத்த முறை ஊசி அதை உருட்டி எடுக்கும். லேபிள் நனையக் கூடாது. இந்தக் கலவையைப் பழைய 78 தட்டுகளில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அவை செய்யப்பட்ட ஷெல்லாக் என்ற அரக்கை ஆல்கஹால் தின்றுவிடும்.

முதல் அச்சுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு சுத்தமான வழி இருக்கிறது. இன்டர்வென்ஷன் ரெக்கார்ட்ஸ் 2017-ல் இரண்டு ஆல்பங்களையும் 45 சுற்றில், ஆல்பத்துக்கு இரண்டு தட்டாக வெளியிட்டது. மாஸ்டரிங் கெவின் கிரே. 45 சுற்று என்பதை ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு பாட்டுக்காகவாவது கணக்கைப் பார்க்க வேண்டும். 33⅓-ல் 20 நிமிடப் பக்கம் என்றால் சுமார் 670 சுற்று, அதில் 86 மில்லிமீட்டர் அகலம் முழுவதும் காலியாகி ஊசி 60-க்கு வந்துவிடும். 45-ல் 10 நிமிடப் பக்கம் என்றால் 450 சுற்றுதான். அதே நெருக்கத்தில் வெட்டினால் 88 மில்லிமீட்டரிலேயே இசை முடிந்துவிடும். அங்கே பள்ளத்தின் வேகம் நொடிக்கு 41 சென்டிமீட்டர், பழைய தட்டின் கடைசிச் சுற்றைப்போல் இரு மடங்கு. நிஜத்தில் வெட்டுபவர் இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்திச் சுற்றுகளை விலக்கி வைப்பார், எனவே இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். வந்தாலும் ‘ஸ’ ஒலிக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் தொந்தரவு, தொடர்ந்து கேட்க வேண்டிய ஆல்பம் என்று நினைப்பவர்களுக்கு அது சின்னத் தொந்தரவு இல்லைதான்.

சரியாக வந்தபின் கேட்பது

எல்லாம் பொருந்தியபின் முதலில் தெரிவது ‘ஸ’ இல்லை, கீழ்க்குரல்கள். கலங்கிய பிரதியில் மேல்குரல் மட்டும் ஒரு பாடலாகக் கேட்கும், மற்றவை பின்னணியில் ஒரு மொத்தைச் சத்தமாக நிற்கும். சரியான ஊசியில் உள்குரல் ஒவ்வொன்றும் தனி மெட்டாக நடப்பது தெரிகிறது: மேல்குரல் ஒரு சுரத்தில் நிற்கும்போது நடுக்குரல் ஒரு படி இறங்கி உரசுகிறது, அந்த உரசல் தீர்வதற்குள் கீழே இன்னொன்று நகர்ந்திருக்கிறது. பாக்கின் கோரால் எனும் நான்கு குரல் சர்ச் பாட்டுகளை வாசித்துப் பழகிய கைக்கே வரும் பழக்கம் இது. யாரோ போதையில் குரல்களைக் குவித்து வைத்ததாக இருந்தால் இந்த உரசல்கள் குறித்த நேரத்தில் தீராது. ஒவ்வொன்றும் தீர்கிறது. ஜூடி சில்லைப் பற்றிப் பேசும்போது சிறைக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

இந்த எலும்புக்கூட்டை முன்கூட்டியே மனதில் ஏற்றிக்கொள்ள, 2007-ல் வந்த ‘லைவ் இன் லண்டன்’ என்ற பிபிசி பதிவுகளின் தொகுப்பு உதவும். 1972, 73-ல் தனியாக உட்கார்ந்து பியானோவும் கிட்டாரும் வாசித்துப் பாடியவை; வாத்தியக் குழு இல்லை, குரல் அடுக்கு இல்லை. ‘தி கிஸ்’ பாட்டை 1973-ல் ‘ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்’ நிகழ்ச்சியில் பியானோவில் பாடிய காணொளியும் கிடைக்கிறது. இடது கை போகும் வழியைக் கவனித்துக்கொண்டு, பிறகு ஆல்பத்தில் அதே பாட்டைப் போட்டால், பியானோவில் விரல்கள் செய்ததைத்தான் வயலின்கள் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது புரியும். எழுதும்போதே எல்லாக் குரல்களும் அவர் கையில் இருந்திருக்கின்றன, பின்னால் ஒட்டவைத்த அலங்காரம் எதுவும் இல்லை.

பொருத்தியது சரியா என்று பார்க்க, ‘தி டோனர்’ பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் போடாமல் அதற்கு முன்னால் உள்ள ‘வென் தி பிரைட்குரூம் கம்ஸ்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். வரிகள் டேவிட் ஓமர் பேர்டன் என்ற கவிஞருடையவை. இசை பெரும்பாலும் பியானோவும் குரலும்தான். 33⅓ தட்டில் அதுவே உள்வட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பாட்டு. அதில் பியானோவின் நீண்ட சுரங்கள் அலையாமல் நின்றால் துளை மையத்தில் இருக்கிறது. குரலின் ‘ஸ’ துப்பாமல் வந்தால் எடையும் கோணமும் சரி. இரண்டும் தேறிய பிறகும் அடுத்த பாட்டின் குரல் அடுக்கு மட்டும் சேறாகக் கேட்டால் மிச்சம் இருப்பது ஊசியின் முனை வடிவமும் தட்டின் தேய்மானமும். முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்; மெல்லிய விளிம்புள்ள முனை, பழைய உருண்டை ஊசி தேய்க்காத உயரத்தில் சுவரைத் தொடுவதால், போய்விட்டது என்று நினைத்த பிரதியிலும் சில நேரம் நல்ல ஒலி கிடைக்கும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் வேறு பிரதி தேட வேண்டும்.